ஏகாதசிப் புகை

சிரிக்கிறார். பல் தெரியச் சிரிக்கிறார். என்னைப் பார்த்து இந்த ஆறு வருஷத்தில் ஒரு தரமாவது இப்படிச் சிரித்திருப்பாரா? நலங்கில் என் தலையில் அப்பளம் உடைத்தபோதுகூட உதட்டுக்குள்ளேயே அடக்கிக்கொண்ட மனுஷர்தானே இவர்?

பாகீரதி இதை யாரிடமும் சொல்லவில்லை. கொல்லையும் பக்கவாட்டில் தெருவும் தெரிகிற சமையலறை ஜன்னலின் கம்பியைப் பிடித்தபடி கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் கணவர் வைத்தீஸ்வரன், கல்கத்தா போலீஸில் துப்பறியும் இலாகா இன்ஸ்பெக்டர். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு சுகதா, வெள்ளைப் புடவையும் முக்காடுமாக. வங்காளி விதவை. மாமியாரைத் தவிர வேறு துணையில்லாதவள். பாகீரதியைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். மடமடவென்று அவர் பேசிய வங்காளியில் பாதிதான் பாகீரதிக்குப் புரிந்தது. புரிந்த பாதியில் எலுமிச்சம்பழம் வந்தது.

கொஞ்ச நாளாக இதே கதை. அவர் சுவரண்டை போவார். ஏதோ சொல்லிச் சிரிப்பார். அவள் தன் மரத்திலிருந்து கைநிறையப் பறித்துக் கொடுப்பாள். சமையலறை மூலையில் கூடை நிரம்பி, மேலே வைத்த பழங்கள் தரையில் உருண்டு கிடந்தன. அவருக்கோ புளிப்பு ஆகாது. ரசத்தில் புளி ஒரு பிடி தூக்கலாக இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவார்.

எங்கள் ஊராக இருந்தால் இந்தத் தலையில் இத்தனை முடியை விட்டுவைத்திருப்பார்களா என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன வருஷம் கரு கலைந்து அவள் சுருண்டு கிடந்தபோது இந்தத் தெருவில் வாசற்படி ஏறி வந்தவள் சுகதா ஒருத்திதான்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் போலீஸ்காரர் குடும்பம் குடிவந்த நாள்முதல், குளத்துப் படித்துறையில் பாகீரதி குடத்தோடு இறங்கினால் பேச்சு நின்றுபோகும். துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். வங்காளத்தை இரண்டாகக் கூறுபோட்ட கோபம் யாருக்கும் ஆறவில்லை. காலேஜ் பையன்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் ஜெயிலுக்குள், பாதிப் பேர் ஜெயிலுக்குப் பயந்து. போலீஸ்காரர் பெண்டாட்டியோடு யார் பேசுவார்கள்? எதிர்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் மனைவி அவளைக் கண்டால் முகத்தையே திருப்பிக்கொள்வாள். அந்த அம்மாளுக்கும் சுகதாவுக்குங்கூட ஏதோ மரக்கிளைச் சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது. அதில் பாகீரதிக்கு ரகசியமாக ஒரு திருப்தி. சுகதாவுக்கு வேறு யாரும் இல்லை, நான்தான் என்று.

அந்தச் சுகதாதான் ஒரு மாதமாகத் தினமும் படித்துறையில் கேட்கிறாள்: "பௌதி, தாதா இன்று எத்தனை மணிக்கு வருவார்?"

பௌதி என்றால் அண்ணி. தாதா என்றால் அண்ணன். வாய்நிறைய அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு, அண்ணன் வருகிற நேரத்தை எதற்கு விசாரிப்பது?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மன்னி, காபி உண்டா? இல்லேன்னு சொன்னேளோ, இந்த க்ஷணமே ராஜத்துரோகத்தில இறங்கிடுவேன்."

வைத்தீஸ்வரனின் அத்தை பிள்ளை மஹாதேவன். இலாகாவில் அவருக்குக் கீழே சப்-இன்ஸ்பெக்டர். எந்த வழக்கிலும் அவர் மூளையைப் போட, இவன் வாயைப் போடுவான்.

"இருடா, சத்தம் போடாதே," என்று பாகீரதி டம்ளரை எடுத்தாள். வைத்தீஸ்வரன் உள்ளே வந்து இரண்டு எலுமிச்சம்பழங்களைக் கூடைமேல் வைத்தார். அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பொடி மட்டையைப் பிரித்து ஒரு சிமிட்டா இழுத்தார். அந்தப் பொடியால் அவருக்கு வாசனையே தெரியாமல் போய் வருஷக்கணக்காகிறது. குழம்பு கருகினால்கூட அவரிடம் வாயால் சொல்ல வேண்டும்.

"மோப்பம் பிடிக்கற உத்யோகம். மூக்கை மட்டும் பொடி மட்டைக்குத் தானம் பண்ணியாச்சு," என்றான் மஹாதேவன்.

"உன்னோட வாயை யாருக்காவது தானம் பண்ணிட்டுச் சேதியைச் சொல்லு."

"சேதி என்ன? பூபேன் இந்தச் சந்துலதான் எங்கேயோ இருக்கான்."

பாகீரதியின் கை டம்ளரில் நின்றது. பூபேன் சுகதாவின் தம்பி. மீசை சரியாக அரும்பாத முகம். போன துர்கா பூஜையின்போது இந்த வீட்டுக்குச் சந்தேஷ் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூச்சத்தில் நிற்காமல் ஓடியவன். சர்க்காருக்கு விரோதமாகத் துண்டுப் பிரசுரம் அச்சடித்தான் என்று வாரண்ட். அகப்பட்டால் அந்தமான்தான் என்று வைத்தீஸ்வரன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தார்.

"தெருவில விசாரிச்சியோ?"

"விசாரிக்காம? எல்லாரும் கூடிப் பேசி வெச்சுண்ட மாதிரி ஒரே பதில், 'ஜானி நா'. தெரியாதாம். நேத்திக்கு ஒருத்தன்கிட்டே உன் பேர் என்னடான்னேன். அதுக்கும் 'ஜானி நா'ங்கறான். பசுமாட்டைக் கேட்டிருந்தா அம்மான்னாவது சொல்லியிருக்கும்."

"அக்கா ஆத்துலதான் இருக்கணும்."

"அப்போ புகுந்து பார்த்துட வேண்டியதுதானே, அண்ணா?"

"ரெண்டு விதவைகள் இருக்கற ஆத்துல போலீஸ் அந்தப்புரம் வரைக்கும் நுழைஞ்சு, ஒண்ணும் கிடைக்கலேன்னா மறுநாள் பேப்பர்ல என் தோலை உரிப்பான். மிச்சத்தைத் துரை உரிப்பார். உள்ளே மூணாவதா ஒரு ஆள் இருக்கான்னு நிச்சயமாத் தெரியணும்டா. ஒரே ஒரு அடையாளம் போறும்."

பாகீரதி ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்வீட்டு மதில்மேல் கறுப்புத் தெருப்பூனை போஸ்ட்மாஸ்டர் வீட்டு மீனுக்காகத் தவம் கிடந்தது. விதவைகள் வீட்டில் மீன் ஏது? சுகதாவின் வாசலில் அந்தப் பூனை உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. ஆனால் சுகதாவின் சமையலறை ஓட்டுக்குமேல் நீலமாக ஒரு புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். பழங்கள் உருண்டு கிடந்த கூடை கண்ணில் பட்டது.

"இன்னிக்கு ஏகாதசி," என்றாள்.

"அதுக்கென்ன, மன்னி?"

"இந்த ஊர் விதவைகள் ஏகாதசிக்குப் பச்சைத்தண்ணி கூடப் பல்லுல படவிடமாட்டா. அங்கே பாருங்கோ, அடுப்பு எரியறது. ரெண்டு பேரும் பட்டினின்னா, அந்தச் சமையல் யாருக்கு?"

பிறகு வைத்தீஸ்வரன் எழுந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பினார். சிரித்தார். பல் தெரிய, கண் சுருங்க, சுவரண்டை சிரித்த அதே சிரிப்பு.

"பாகீ! அடி பாகீ! இலாகா முழுக்க முழிச்சுண்டு கிடக்கு, நீ அடுப்பண்டை நின்னுண்டே கண்டுபிடிச்சுட்டியே!"

உடம்பு முழுதும் குளிரக் குளிர ஏதோ ஓடியது. அதன் அடியில் முள்ளாக ஒன்று தைத்ததை அவள் குனிந்து பார்க்க விரும்பவில்லை.

"நீயும் வா," என்றார். "உள்ளே இருக்கற பொம்மனாட்டிகளை ஒதுங்கச் சொல்ல ஒரு பொம்மனாட்டி வேணும்."

போனாள். சுகதாவின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் போனாள். அதை அவளே தனக்குள் ஒப்புக்கொண்டாள்.

முன்வாசலில் நான்கு கான்ஸ்டபிள்கள், கொல்லை வழியாக உள்ளே நுழைந்தான் மஹாதேவன். சுகதா அடுப்பின் முன் குந்தியிருந்தாள். கல்தட்டு இரண்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நறுக்கிய வாழைப்பூ. பாகீரதியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பின்னால் வந்த காக்கிச் சட்டைகளைக் கண்டதும் அப்படியே நின்றது.

"கொஞ்சம் வெளியே வா, தீதி," என்றாள் பாகீரதி. அக்கா என்று கூப்பிட்டதற்குமேல் வங்காளி வரவில்லை.

பரணில் ஏறினார்கள். மாட்டுத்தொழுவத்து வைக்கோலைக் கலைத்தார்கள். அரிசிப் பானைக்குள் மஹாதேவன் கைவிட்டுத் துழாவி, "இதுக்குள்ளே இருந்திருந்தா அரிசியோட சேர்ந்து வெந்திருப்பான்," என்றான். மாமியார்க் கிழவியின் கட்டிலைப் புரட்டினார்கள். ஒன்றும் இல்லை. ஒரு சட்டை இல்லை, ஒரு செருப்பு இல்லை, பீடித்துண்டு கூட இல்லை. வாசலில் தெருவே கூடிவிட்டது.

வைத்தீஸ்வரன் தன் கடைசித் துருப்பைப் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வங்காளியில் கேட்டார். "ஏகாதசியன்று விதவைகள் வீட்டில் அடுப்பு எரிகிறதே, யார் சாப்பிட?"

சுகதா முக்காட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தாள். "ஏகாதசியா? அது நாளைக்கல்லவா, தாதா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எங்கள் பஞ்சிகாப்படி இன்று விடியும்போது தசமி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டினால் உபவாசம் மறுநாள். நாளைக்குப் பட்டினி என்றுதான் இன்று இரண்டு வாய் அதிகமாக வடிக்கிறேன். உங்கள் ஊரில் வேறு பஞ்சாங்கமா?"

பாகீரதிக்குக் காது அடைத்தது. கும்பகோணத்திலிருந்து அவளுடைய அண்ணா வருஷந்தோறும் அனுப்பும் பஞ்சாங்கம். அதில் பார்த்துத்தான் அவள் காலையிலிருந்து ஒரு வேளைப் பலகாரத்தோடு நிற்கிறாள். ஒரே சந்திரன், ஒரே வானம். இங்கே வேறு கணக்கு இருக்கும் என்று ஆறு வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அதற்குள் சிரிப்பு தெருமுனைவரை போய்விட்டது. "மதராஸிப் போலீஸ் மதராஸ் பஞ்சாங்கம் பார்த்துச் சோதனை போடுகிறது!" என்று ஒருவன் கத்தினான். "தீபாவளிக்கு எந்த மாதம் வருவீர்கள்?" என்றான் இன்னொருவன். போஸ்ட்மாஸ்டர் மனைவி வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு குலுங்கினாள்.

சுகதா சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரையும் அவள் பார்க்கவில்லை. பாகீரதியைப் பார்த்தாள். ஆண்பிள்ளைகள் யாரும் ஏகாதசியை எண்ணிக்கொண்டு அடுப்புப் புகையைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

*

மத்தியானம் மஹாதேவன் கொல்லைப்படியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். வைத்தீஸ்வரன் துரையைப் பார்க்கப் போயிருந்தார். துரைதான் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

"மன்னி, நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதேங்கோ. பஞ்சாங்கம்தான் தப்பு, உங்க கண்ணு தப்பில்லே. அண்ணா சொன்னது சரிதான்."

"என்ன சொன்னார்?"

தவறு செய்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த வாய் பாதியில் நிற்காது. "இலாகால இத்தனை பேர் இருக்காளே, ஒருத்தனுக்காவது அந்த ஆத்தை நாள் பூரா கண்கொட்டாம பார்க்கத் தெம்பிருக்கோன்னார். 'என் ஆம்படையாளுக்கு ஒரு துளி சந்தேகத்தை மட்டும் ஊட்டிவிட்டாப் போறும், அவ பார்த்துப்பா'ன்னார். விளையாட்டுக்குத்தான், மன்னி."

"அப்போ எலுமிச்சம்பழம்?"

"அவருக்குப் புளிப்பே ஆகாதே!" என்று மஹாதேவன் சிரித்தான். "நீங்க ஜன்னலண்டை நிக்கறேளான்னு ஓரக்கண்ணால பார்த்துப்பார். நின்னா சிரிப்பார்."

பாகீரதி அடுப்பிலிருந்த பாலை இறக்கினாள். இத்தனை நாளும் உள்ளே எரிந்தது தன் சொந்த நெருப்பு என்று நினைத்திருந்தாள். அது அசிங்கமானதுதான், ஆனால் அவளுடையது. அதையும் ஒருவர் பொடி போட்டுக்கொண்டே பற்றவைத்து, விறகு தள்ளி, பக்கத்தில் உட்கார்ந்து குளிர்காய்ந்திருக்கிறார்.

இதைவிட அவர் சுகதாவைப் பார்த்து நிஜமாகவே சிரித்திருக்கலாம்.

*

மறுநாள் வங்காளிகளின் ஏகாதசி. படித்துறையில் யாரும் அவளைக் கண்டு பேச்சை நிறுத்தவில்லை. அவள் வந்ததையே கவனிக்காதவர்கள்போல் பேசிக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. சுகதா முதுகைக் காட்டிக் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு போனாள். தாதா எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்கவில்லை.

பார்க்கக்கூடாது என்று நினைத்துத்தான் சமையலறைக்குள் போனாள். கண் தானாக அங்கே போயிற்று. ஓட்டுக்குமேல் புகை இல்லை. சுத்தமான வானம். அந்த வீடு பட்டினி கிடந்தது.

அப்போது போஸ்ட்மாஸ்டர் மனைவி தன் வாசலைத் தாண்டினாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். முந்தானையால் மூடிய வெண்கலக் கிண்ணம் ஒன்று இடுப்பில் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத சுகதாவின் வீட்டுக் கதவை அவள் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் கிண்ணம் இல்லை.

கறுப்புப் பூனை அவள் காலை உரசிக்கொண்டே கூடப் போயிருந்தது. அவளோடு அது திரும்பவில்லை. சாத்திய கதவின் முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, கதவிடுக்கைப் பார்த்துக் கத்தியது.

காற்று இந்தப் பக்கம் திரும்பியது. பாகீரதி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷமாகியும் அவள் வயிறு ஒத்துக்கொள்ளாத வாடை. கடுகு அரைத்துவிட்ட மீன்.

யாருமே தண்ணீர்கூடக் குடிக்காத வீட்டுக்குள் மீன் போயிருக்கிறது.

நேற்று பூபேன் அங்கே இருக்கவில்லை. அதுவும் நிஜம். போஸ்ட்மாஸ்டர் வீட்டில் இருந்தானோ, அதற்கும் அடுத்த வீட்டிலோ. இன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறான். போலீஸ் புரட்டிப்போட்டுவிட்டு அவமானப்பட்டுத் திரும்பிய வீட்டைவிட இந்தக் கல்கத்தாவில் பத்திரமான வீடு எது? அவளுடைய பஞ்சாங்கம்தான் அவனுக்கு இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறது. புகையைக் கவனிக்கிற கண் ஒன்று உண்டு என்று சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அதனால்தான் சாப்பாடு கிண்ணத்தில் நடந்து வருகிறது.

மரக்கிளைச் சண்டையும் பொய். கோபமும் பொய். தாதா எத்தனை மணிக்கு வருவார் என்று தினமும் கேட்டதற்கு இப்போது அர்த்தம் தெரிந்தது. தம்பி வெளியே தலைகாட்ட நேரம் குறித்துக்கொண்டிருக்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் சிரித்து வேவு பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி விசாரித்து வேவு பார்த்தாள். நடுவே சுவராக நின்றவள் பாகீரதி.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு. வயிற்றெரிச்சல். ஆனால் அது புருஷனைக் குறித்தல்ல. இந்தச் சந்தில் ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு பிடி அந்தப் பையனுக்காக வேகிறது. எல்லாப் பெண்களுக்கும் தெரிகிறது. முறை வைத்துக்கொண்டு சமைக்கிறார்கள், சண்டைபோல் நடிக்கிறார்கள், கூடிச் சிரிக்கிறார்கள். அவள் ஒருத்தியைத்தான் எதற்கும் கூப்பிடவில்லை. எனக்கும் சமைக்கத் தெரியுமே என்று ஒரு நினைப்பு, குழந்தைத்தனமாக, எழும்பி அடங்கியது.

கரு கலைந்த அன்று சுகதா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அன்று பூபேன்மேல் வாரண்ட் இல்லை. அன்று கேட்டறிய ஒன்றும் இல்லை. அதை மட்டும் யாரும் பொய்யாக்க முடியாது.

வாசலில் பூட்ஸ் சத்தம்.

பூனை கதவை விடாமல் பிராண்டிக்கொண்டிருந்தது. பாகீரதி நேற்று இறக்கிய பாலை ஒரு சட்டியில் ஊற்றிக் கொல்லைப்படியில் வைத்து, மெல்ல ஒலியெழுப்பிக் கூப்பிட்டாள். பூனை திரும்பிப் பார்த்தது. கதவையும் சட்டியையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு மதிலேறிக் குதித்து வந்து பாலில் வாயை வைத்தது.

"பூனைக்கெல்லாம் பால் வைக்கற வழக்கம் எப்போலேர்ந்து?" என்றார் வைத்தீஸ்வரன் பின்னாலிருந்து.

"திரிஞ்சு போச்சு."

அவர் குனிந்து முகர்ந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது. மீன் வாடை கொல்லை முழுக்க நின்றது. அவர் பொடி மட்டையைப் பிரித்தார். கண்கள் சிவந்திருந்தன.

"துரை காது கூசும்படி பேசிட்டார். பூபேன் அகப்படலேன்னா நான் திரும்பவும் எங்கேயாவது குமாஸ்தாவாப் போக வேண்டியதுதான். கேட்டியா? நமக்கு ஒரு வழிதான் இருக்கு." அவர் ஜன்னல் பக்கம் வந்தார். "அந்த ஆத்துல இன்னிக்குப் புகை வரதா?"

"இல்லை." அது நிஜம்.

"சரி. நீ அவாத்துக்குப் போ. நேத்திக்கு நடந்ததுக்கு மன்னிச்சுக்கோன்னு சொல்லி அழு. உன்கிட்டே அவளுக்கு வாஞ்சை உண்டு, உள்ளே உட்கார வைப்பா. நாலு நாள் போயிண்டு வந்துண்டு இரு. எத்தனை தட்டு கழுவறா, எந்த ரூமைச் சாத்தி வெச்சிருக்கான்னு கண்ணை வெச்சுண்டு இரு. வேற ஒண்ணும் வேண்டாம். உன் கண்ணு போறும்."

பாகீரதி கூடையிலிருந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே கிடந்த ஒன்றில் பூசணம் பூத்திருந்தது.

"என்ன யோசனை, பாகீ?" என்று அவர் சிரித்தார். பல் தெரிய, கண் சுருங்க. ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து அந்தச் சிரிப்பு அழகாகவே இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், கடையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கும் பொருளைப் பார்ப்பதுபோல.

பிறகு கையை நீட்டி ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"நான் போகப்போறதில்லை," என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க கை காலை அலம்பிண்டு வாங்கோ. சாதம் ஆறிண்டிருக்கு."